ஆட்டம் இருக்க வேண்டிய இடம்

சுந்தர்,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாம் என்றால், நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "ஹவ் மா, ஹவ் மா, மீட்டிங் இருக்கு" என்று இந்த ஊர்க்காரன் மாதிரி ஆமாம் போட்டு வைத்துவிடுவாய். நேரில் சொல்லலாம் என்றால் பாதியில் நான் அழுது தொலைப்பேன், இல்லாவிட்டால் கத்தித் தொலைப்பேன். தமிழில் எழுதினால் நீ தாண்டித் தாண்டி ஓட முடியாது. ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துத்தான் நகர வேண்டும். புரியாத வார்த்தை வந்தால் அப்பாவைக் கேள். இதை எடுத்துக்கொண்டு அவர்தான் நாளைக்கு கச்சிபௌலியில் உன் ஃப்ளாட்டுக்கு வருகிறார். நீ படித்து முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். எவ்வளவு நேரம் தாங்குவார் என்று பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாயே, கோயம்புத்தூரில் ஸ்கூட்டருக்கு ஷாக் அப்சார்பர் செய்கிற கம்பெனி ஒன்று உன்னைக் கூப்பிடுகிறது என்று. வண்டி குலுங்குவதை அளக்க நீ விளையாட்டாக எழுதிய ப்ரோக்ராமைப் பார்த்துவிட்டு, டெஸ்டிங் பிரிவில் வந்து சேர் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நோ சொல்லிடப் போறேம்மா. ப்ரோக்ராம் எழுதுறது வேற, வண்டியத் தொட்டு செட் பண்றது வேற. அந்தக் கை எனக்கு இல்ல. அதான் ஒரு தடவ ட்ரை பண்ணிப் பாத்தாச்சே" என்றாய். அப்பா என்னைப் பார்த்தார். நான் உன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த "ஒரு தடவை" என்ன நடந்தது என்பது அன்று காலைதான் எனக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அது உனக்கும் தெரிந்தாக வேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

இரண்டு மாசம் முன்னால் பரணில் ஒழுகுகிறது என்று எல்லாவற்றையும் இறக்கினோம். அப்போது உன் ரேஸ் கார் பெட்டி கைக்கு வந்தது. உனக்குப் பதினேழு வயசில் சித்தப்பா வாங்கித் தந்தது. பெட்டியில் துண்டு துண்டாக வந்ததை நீ பத்து நாள் உட்கார்ந்து பூட்டினாய். ரிமோட்டில் ஓடும், முழங்கை நீளத்துக்கும் குறைவான கார். ரேஸில் புதிதாக இறங்குபவர்களுக்கு என்று செய்த எளிய ரகம், அடித்தட்டு முழுக்க பிளாஸ்டிக். தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் மேல்கூட்டைக் கழற்றினேன். கழற்றியதுதான் தப்பு. முப்பத்தோரு வருஷம் சனத்நகர் கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கிற இன்ஸ்பெக்ஷனில் நின்றவளுக்கு, ரிட்டயர் ஆன பிறகு அளந்து பார்க்க வீட்டில் என்ன இருக்கிறது சொல்? அப்பாவின் சர்க்கரையும் பாலின் தண்ணீரும்தான். இது என்னடா என்றால், உள்ளே நாலு சக்கரத்தையும் தாங்கிப் பிடிக்கத் தனித்தனிக் கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு ஷாக், நடுவில் ஒரு தண்டு ஓடி முன்னையும் பின்னையும் சேர்த்துச் சுற்றுகிறது. இவ்வளவு சின்ன சாமானுக்குள் இவ்வளவு யோசனையா என்று அடுப்பில் வைத்த குக்கரை மறந்துவிட்டேன். அன்றைக்கு ஆறு விசில் போன பருப்பை அப்பா கஞ்சி மாதிரி குடித்தார்.

உன் பிறந்தநாளுக்கு அதை ஓட வைத்துக் கையில் கொடுக்கலாம் என்று எண்ணம். பழைய பேட்டரி செத்திருந்தது, புதுசு வாங்கினேன். கீழே பார்க்கிங்கில் விட்டால் கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வாட்ச்மேன் நாற்காலியில் முட்டியது. ரிமோட்டில் நேராக்குவதற்கு ஒரு சின்னக் குமிழ் இருக்கிறதல்லவா, அதை வலப்பக்கம் திருப்பினேன். நேராகப் போனது, ஆனால் பிரேக் பிடித்தால் மறுபடி கோணல். ஏன்? அந்த "ஏன்" என்னைப் பிடித்துக்கொண்டது. அப்பா எங்கேயோ விசாரித்து, கச்சிபௌலியில் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் பின்னால் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ரேஸ் நடக்கிறது என்று கண்டுபிடித்தார். ஆமாம், உன் ஃப்ளாட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். நீ போர்த்திக்கொண்டு தூங்கிய ஐந்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காய்கறிப் பையில் காரைப் போட்டுக்கொண்டு கேபில் வந்துவிட்டுப் போயிருக்கிறோம். முறைக்காதே. மத்தியானச் சமையலுக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

அங்கே தரையில் பழைய ஃபயர் ஹோஸை வளைத்து வளைத்துப் போட்டுப் பாதை அமைத்திருக்கிறார்கள். எல்லாரும் உன் வயசு, உனக்குக் கொஞ்சம் மேலே. புடவையில் ரிமோட்டோடு நின்றவள் நான் ஒருத்திதான். கவிழ்ந்த காரை ஓடிப்போய் நிமிர்த்தி வைக்க ஒவ்வொரு வளைவிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். அப்பா முட்டி வலியை மறந்து அந்த வேலைக்குத் தானாகப் பேர் கொடுத்தார். அதிகம் ஓட வேண்டியிருந்தது என் காருக்காகத்தான். "இது ரேஸாடி, தவளைப் பாய்ச்சலாடி?" என்று ஒவ்வொரு முறையும் கத்துவார். சிமென்ட் பாளம் ஒன்றோடொன்று சேருகிற கோடு இருக்கிறதல்லவா, அந்தக் கோட்டில் ஏறினால் போதும், நம் கார் எம்பிக் குதித்துச் சுற்றிக்கொண்டு திரும்பி நிற்கும். மற்ற கார்கள் அதே கோட்டில் வழுக்கிக்கொண்டு போயின.

அங்கேதான் நஸ்ரீனைப் பார்த்தேன். பல் டாக்டர். பல் பிடுங்குகிற கை அவ்வளவு மெல்லிசாக ரிமோட்டைப் பிடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் போனவுடனே, எந்த மோட்டார் போட்டால் இது ஓடும் என்று கேட்டேன். அவள் கையை ஆட்டி, "நக்கோ அம்மா, அபி மோட்டார் நக்கோ!" என்றாள். மோட்டார் இப்போது வேண்டாம், வேகம் கடைசியில்தானாம். புதிதாக வருகிற எல்லாரும் முதலில் மோட்டாரை மாற்றி, பிறகு சுவரில் முட்டுவார்களாம். முதலில் பேரிங், பிறகு டயர், பிறகு எண்ணெய் ஷாக். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றினால் நோட்டில் எழுத வேண்டும். இது என் பாஷை அல்லவா! அன்றிலிருந்து அவள் எனக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள்.

சக்கர அச்சைத் தாங்கப் பெட்டியோடு வந்தது வெறும் பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள். அச்சு அதிலே உரசிக்கொண்டேதான் சுற்றும். அதை எடுத்துவிட்டு, மிளகை விடக் கொஞ்சம் பெரிய பால் பேரிங்குகளை ஒவ்வொன்றாக வைத்தேன். சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் முன்பு மூன்று சுற்று, இப்போது நான் எண்ணுவதை விடும் வரை சுற்றியது. அடுத்த வாரம் டயர். பழைய டயர் கல் மாதிரி இருந்தது, புதுசு தரையைப் பிடித்தது. அதற்கடுத்த வாரம் எண்ணெய் ஷாக். உன் பழைய ஷாக்கில் எண்ணெய் கிடையாது, ஸ்பிரிங்கும் உரசலும்தான். புதியதில் எந்த எண்ணெய் ஊற்றுவது என்று நானும் நஸ்ரீனும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். கெட்டி எண்ணெய் என்றால் கார் மெதுவாக எழும், நீர்த்தது என்றால் துள்ளும். நடுவில் ஒன்றை ஊற்றினோம். உள்ளே நிற்கும் காற்றுக் குமிழ் மேலே வரும் வரை காத்திருந்தபோது, பாயசத்தைக் கிண்டாமல் நிற்பது போல எனக்குக் கை பரபரத்தது. இவ்வளவும் செய்தும் கார் அந்தக் கோட்டில் குதிப்பதை விடவில்லை. மூன்று வாரம். டயர் சரி, பேரிங் சரி, ஷாக் சரி, பின்னே எது? எனக்குச் சோறு இறங்கவில்லை. வெறுப்பில் இல்லை, ஆர்வத்தில்.

நான்காவது ஞாயிறு நஸ்ரீன் காரை மேஜையில் வைத்து நாலு ஷாக்கையும் கழற்றினாள். பிறகு முன்சக்கரத்தின் கையை மேலே தூக்கிச் சும்மா விட்டாள். ஷாக் இல்லாவிட்டால் அந்தக் கை தன் கனத்திலேயே பொத்தென்று கீழே விழ வேண்டும். விழவில்லை. அந்தரத்தில் நின்றது. அவள் பையிலிருந்து, வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து அடியில் காட்டினாள். "அம்மா, இத்னா டைட் கைக்கு?" இவ்வளவு இறுக்கம் எதற்கு என்கிறாள். கையும் அடித்தட்டும் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் நகத்தை விட மெல்லிய பித்தளைத் தகடு வளையங்கள். நாங்கள் கம்பெனியில் ஷிம் என்போம், இடைவெளியை அடைக்கச் சொருகுவது. அந்த ஸ்க்ரூவின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி. நாலு சக்கரத்துக்கும் அப்படியே. "யே லால் லால் க்யா ஹை?" என்றாள், இது என்ன சிவப்பு சிவப்பாக என்று. நெயில் பாலிஷ் என்றேன். யாருடையது என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடையது.

இதைச் சொல்லக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு தண்டில் லேசான ஆட்டம் இருந்ததைப் பார்த்தும், இவ்வளவுதானே என்று பாஸ் போட்டேன். அதைப் பூட்டிய மெஷின் உதறி, ஓர் ஆளின் இரண்டு விரல் போனது. அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதிலிருந்து எனக்கு ஆட்டம் என்றாலே ஆகாது. கையில் எடுத்த எதையும் ஆட்டிப் பார்ப்பேன், ஆடினால் திருப்பி அனுப்புவேன். ஆடாமல் இறுக்கிய ஸ்க்ரூவின் தலையில் சிவப்புப் பொட்டு வைப்பேன். பொட்டு இருந்தால் சோதித்தாகிவிட்டது, அதை மறுபடி யாரும் தொட வேண்டாம் என்று அர்த்தம். தெலுங்குக்காரர்கள் என்னை "பொட்டம்மா" என்றே கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமைதான். கம்பெனியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உன் சைக்கிளின் ஹேண்டில்பாரை நான் இறுக்கிய இறுக்கில் வளைவில் அது திரும்பாமல் நீ நேராகப் போய்ச் சாக்கடைக்குள் இறங்கினாய், ஞாபகம் இருக்கிறதா? அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நீ கவனமாக ஓட்டவில்லை என்று திட்டினேன்.

இப்போது அந்த ரேஸ். நீ இன்டர் முடித்துக் காலேஜில் சேர இருந்தாய். ஆட்டோமொபைல் படிக்கிறேன் என்றாய், கம்ப்யூட்டர் படி என்றேன். ஒரு வாரம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. கடைசியில் நான்தான் ஒரு பந்தயம் வைத்தேன். செகந்திராபாத்தில் ஒரு ஸ்கூல் மைதானத்தில் ரிமோட் கார் ரேஸ் வருகிறது, அதில் ஃபைனலுக்கு வா, நீ கேட்டதைப் படி, வராவிட்டால் நான் சொன்னதைப் படி என்றேன். எவ்வளவு நியாயமாக இருந்தது எனக்கு! சோதனை வைப்பது, தேறினால் விடுவது. பதினேழு வயசுப் பையன் என்ன படிப்பது என்பதை ஒரு காலை நேரத்துப் பொம்மை கார் ரேஸ் முடிவு செய்யக் கூடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீயும் ஒத்துக்கொண்டாய். இரண்டு வாரம் மொட்டை மாடியில் அதை ஓட்டி ஓட்டிச் செட் பண்ணினாய். மேலே துணி காயப்போட வருகிறவர்கள் எல்லாம் திட்டினார்கள். கடைசி இரண்டு நாள் அது எவ்வளவு அழகாக ஓடியது என்று நானே பார்த்தேன்.

ரேஸ் அன்று காலையில் நீ குளிக்கப் போனாய். கார் மேஜையில் இருந்தது. நான் சும்மாதான் எடுத்தேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், ஆடியது. ஐயோ, இவ்வளவு ஆட்டத்தோடா குழந்தை ரேஸுக்குப் போகப் போகிறான், சக்கரம் கழன்று விழுந்தால் என்ன ஆவது என்று பதறினேன். என் டப்பாவில் ஷிம் துண்டுகள் இருந்தன. நாலு கைக்கும் சொருகி, ஆடாமல் இறுக்கி, பொட்டும் வைத்தேன். நீ தலை துவட்டிக்கொண்டு வரும்போது கார் பழைய இடத்தில் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவாய், நேரமாகிவிடும் என்று நினைத்தேன். மைதானத்தில் அது எம்பிக் குதித்தது, சுற்றியது, கவிழ்ந்தது. நீ டயரை மாற்றினாய், ரிமோட்டில் குமிழைத் திருகினாய், ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரிலும் கடைசி. வீட்டுக்கு வந்து பெட்டியை மூடிப் பரணில் போட்டாய். அதற்கப்புறம் நீ ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து நான் பார்க்கவில்லை. பல்பு மாற்றக்கூட ஆளைக் கூப்பிடுவாய்.

நான் இறுக்கியது என் ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் நான் சரி செய்தும்கூடப் பிள்ளை தோற்றுவிட்டானே என்றுதான் பத்து வருஷமும் நினைத்திருந்தேன். இதைக் கேள், இதுதான் எனக்கு ரொம்ப அவமானம். இந்த இரண்டு மாசத்தில் அந்தக் காரில் நான் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன், அந்த நாலு இடத்தைத் தவிர. சிவப்புப் பொட்டு என் கண்ணில் பட்டது. பட்டதும், ஓ, இது நாம் பார்த்தது, சரியாகத்தான் இருக்கும் என்று தாண்டிப் போனேன். மூன்று வாரமும் தாண்டித் தாண்டிப் போனேன். நஸ்ரீனுக்கு என் பொட்டின் மேல் மரியாதை இல்லாததால் அவள் கண்டுபிடித்தாள்.

அவள் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். இந்தக் காரில் கைக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டுமாம். ஒரு மயிரிழை அளவு. தரையில் மேடு வந்தால் அந்தச் சக்கரம் மட்டும் தானாக ஏறி இறங்க வேண்டும், மற்ற மூன்றும் தரையை விடக் கூடாது. கையை இறுக்கிவிட்டால் ஒரு சக்கரம் ஏறும்போது காரே ஏறும். "ஆப் உஸ்கே ஹாத் பாந்த் தியே அம்மா" என்றாள். அதன் கையைக் கட்டிவிட்டீர்கள் என்று. அவள் காரைப் பற்றித்தான் சொன்னாள். எனக்கு நீ குளிக்கப் போன அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது.

உடனே நம்பிவிட நான் என்ன புதுசா? அன்றைக்கே ஷிம்களை மட்டும் எடுத்தேன், வேறு எதையும் தொடவில்லை. குதிப்பு நின்றது. மறுபடி சொருகினேன், குதித்தது. எடுத்தேன், நின்றது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. நான் இப்போது போட்ட புது டயரும் புது ஷாக்கும் காப்பாற்றியிருக்கலாமே. அதனால் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, மாற்றியதையெல்லாம் திரும்பக் கழற்றினேன். உன் பிளாஸ்டிக் புஷ், உன் கல் டயர், உன் எண்ணெய் இல்லாத ஷாக். ஷிம் இல்லாமல், ரேஸுக்கு முந்தின நாள் நீ வைத்திருந்த அதே காராக்கினேன். போன ஞாயிறு காலை நஸ்ரீன் கையில் கொடுத்து ஓட்டச் சொன்னேன், எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே. ஐந்து நிமிஷம் ஓட்டினாள். ஒரு தடவைகூடக் கவிழவில்லை, பிரேக் பிடித்தால் கோணவும் இல்லை. அந்தக் கோட்டை அது கண்டுகொள்ளவே இல்லை. வளைவில் நின்ற அப்பாவுக்கு ஐந்து நிமிஷமும் வேலை இல்லை.

ஓட்டி முடித்து அவள் காரைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். மோட்டாரின் சின்னப் பல்சக்கரமும் பெரிய பல்சக்கரமும் சேருகிற இடத்தைக் காட்டி, யார் வைத்தது என்றாள். அவை அழுந்தினால் அலறும், விலகினால் பல் போகும், நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடம் வேண்டும். அதில் நானும் கை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. நீ உன் கணக்கு நோட்டுத் தாளைக் கிழித்துச் சொருகி அளவு பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்சக்கரத்தின் சாய்வுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் பாகைமானியை வைத்து நீ போட்ட பென்சில் கோடு அடித்தட்டில் இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் அவள் கருவியை வைத்து அளந்தாள், ஒரே அளவு. "மாமூலு பையன் இல்ல அம்மா" என்று அவளுக்குத் தெரிந்த தெலுங்கு, தமிழ், உருது எல்லாவற்றையும் கலந்து ஏதோ சொன்னாள். எனக்குப் புரிந்தது, இது சாதாரணப் பையன் செய்த வேலை இல்லை என்று. பதினேழு வயசில், யாரும் சொல்லித் தராமல், பெட்டியோடு வந்த ஒரு சிறு புத்தகத்தையும் பாகைமானியையும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறாய்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். நீ வந்து உட்கார்ந்து, எனக்கு அந்தக் கை இல்லை என்றாய்.

நீ போன பிறகு அப்பா சொன்னார், "விடு. பத்து வருஷம் ஆச்சு. நல்ல வேலைல இருக்கான். இப்பப் போய்ச் சொன்னா அவனுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். அப்பிடி அவன் என்ன கெட்டுப் போய்ட்டான்?" எனக்கும் ஒரு மணி நேரம் அது சரியென்றே பட்டது. பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். நீ கேட்கப் போகிற கேள்வியையும் நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். ஆசைப்பட்டதைக் கை செய்துவிட்டதோ? இரண்டு நாளாக இதையே போட்டு உருட்டுகிறேன். இல்லை, சுந்தர். அன்று காலை நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். கெடுக்க நினைத்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம். நல்லது செய்கிறேன் என்று முழு மனசோடு செய்தேன். அதுதான் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அப்பாவிடம் ஒன்றுதான் சொன்னேன். தப்பான பீஸ் வெளியே போய்விட்டது என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் முப்பத்தோரு வருஷம் அங்கே என்ன கிழித்தேன் என்று. அவர் எழுந்து போய் இந்தப் பேப்பரை எடுத்து வந்தார்.

புத்தி சொல்ல எனக்கு இன்று தகுதி இல்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். நாளைக்கு உனக்கு ஒரு வீடு, ஒரு பெண், பிள்ளை என்று வரும்போது, அவர்கள் சாமானில் ஏதாவது ஆடினால் உடனே இறுக்காதே. இது எதற்காக ஆடுகிறது என்று முதலில் கேள். கேட்டுப் பார்ப்பதில் எவ்வளவு சுகம் இருக்கிறது என்று எனக்கு அறுபத்தோரு வயசில்தான் தெரிகிறது. நான் வாழ்க்கை முழுக்கச் சரியா தப்பா என்று மட்டும் கேட்டேன், ஏன் என்று கேட்கவில்லை. நீ செய்து முடித்த எதன் மேலும், நான் ஒருமுறை பார்த்துவிட்டேன் என்று பொட்டு வைத்துவிட்டுப் போகாதே. உன் மேல் நீ வைத்துக்கொண்டிருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோயம்புத்தூருக்குப் போ என்று நான் சொல்லவில்லை. மறுபடி உன் ஸ்டியரிங்கை நான் பிடித்தால் அப்பாவே என்னை அடிப்பார். உனக்கு கச்சிபௌலி பிடித்திருந்தால் இரு. அந்த ஊர் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றால் இரு. இங்கே யாரையாவது பிடித்திருக்கிறது, விட்டுப் போக மனசில்லை என்றாலும் இரு, அதை மட்டும் எனக்குச் சொல்லு. வேறு எந்தக் காரணத்துக்காக வேண்டுமானாலும் நோ சொல்லு. உனக்குத் தெரியாது, வராது என்பதற்காகச் சொல்லாதே. கார் அப்பா கையில் இருக்கும் பையில் இருக்கிறது, நீ பூட்டியபடியே. பேட்டரி போட்டிருக்கிறேன். கோபம் வரும். வரட்டும். எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இரு, ஆனால் முதலில் கீழே இறங்கி அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்.

இன்னும் ஒன்று பாக்கி. அன்றைக்கு ரேஸ் முடிந்து ஸ்கூட்டரில் வந்தோமே, நான் ஓட்ட நீ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாய். சிக்னலில் நின்றபோது என் தோளில் கை வைத்து, "ஸாரிம்மா. நீ எவ்ளோ நம்பின, நான் கெடுத்துட்டேன்" என்றாய். நானும் பெரிய மனசு பண்ணி, "பரவால்ல கண்ணா, விடு" என்று உன்னை மன்னித்தேன். அந்த ஸாரி என்னுடையது, சுந்தர். நீ கேட்டிருக்கக் கூடாது, நான் வாங்கியிருக்கக் கூடாது. பத்து வருஷம் கழித்து இப்போது நான் உன்னிடம் கேட்கிறேன்.

அம்மா